மலையகப் பாதைகளில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு பைக் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் பைக் பெரும்பாலும் இருவர் வண்டிதான். மனைவியைத் தோட்டப் பாடசாலையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் கூட்டிப்போகிறவர்கள், தங்கையை டியூஷனுக்கு ஹட்டன் டவுனில் கொண்டுபோய் விடுகிறவர்கள் என்று காலை வேளையில் எந்த வளைவில் நின்று பார்த்தாலும் பாதி வண்டிகளில் இரண்டு தலை தெரியும். பஸ் போகாத தோட்ட டிவிஷன்களுக்கு வேறு வழியும் இல்லை. ஓட்டுவதைப் பற்றிப் பேசுவோர் நிறையப் பேர். பின்னால் இருந்தவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று விசாரிப்பவர்கள்தான் குறைவு. இந்தப் பக்கம் அவருக்காகவே.

தனியாக நன்றாகத்தான் ஓட்டுகிறேன். பின்னால் ஒருவர் ஏறினால் அப்படி என்ன மாறிவிடும்?

நூறு சீசீ வண்டி ஒன்றின் எடை 110 கிலோ அளவில் இருக்கும். அதில் 60 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் வண்டியின் பாதி எடைக்கு மேல் கூடிவிட்டது. அந்த எடையும் நடுவில் இல்லை, பின்சக்கரத்துக்கு மேலே, உயரத்தில் இருக்கிறது. அதனால் மேடு ஏறும்போது முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில் பிடிமானம் இல்லாததுபோல் இருக்கும். இறக்கத்தில் நிற்க அதிக தூரம் பிடிக்கும். மெதுவாகத் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சரியப் பார்க்கும்.

இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் கைக்குப் பழகிவிடும். பழகாத விஷயம் வேறு. பின்னால் இருப்பவரிடம் பிரேக்கும் இல்லை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலும் இல்லை. முன்னால் குழி இருக்கிறதா, பஸ் வருகிறதா என்று உங்கள் முதுகைத் தாண்டி அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. நீங்கள் பிரேக்கில் கை வைக்கும்போதே உங்கள் உடம்பு அதற்குத் தயாராகிவிடுகிறது. அவர் உடம்புக்கோ வண்டி குலுங்கிய பிறகுதான் விஷயம் தெரியும். பின்சீட்டில் வரும் கழுத்துவலி, முதுகுவலி, பயம் எல்லாவற்றுக்கும் முக்கால்வாசிக் காரணம் இதுதான். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும்படி ஓட்டினால் மற்ற எல்லாம் தானாகச் சரியாக வரும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே போகும்.

கியர் மாற்றும்போதெல்லாம் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் வந்து முட்டுகிறது. என்ன செய்வது?

"டக்" என்று முட்டும் அந்தச் சத்தத்தை உங்கள் ஓட்டத்துக்கான மார்க்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை போய்ச் சேரும்வரை ஒருமுறையும் முட்டவில்லை என்றால் நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள்.

முட்டுவதற்குக் காரணம் மூன்று. முதலாவது, மேல் கியருக்குப் போகும்போது திராட்டிலைச் சட்டென்று மூடுவது. மேட்டில் திராட்டிலை மூடிய உடனே வண்டி பிரேக் பிடித்ததுபோல் இழுக்கும், பின்னால் இருப்பவர் முன்னால் வருவார். கிளச்சை விட்டதும் வண்டி பாயும், அவர் பின்னால் போவார். திராட்டிலை மெதுவாகக் குறையுங்கள், கிளச்சை அரைவாசியில் ஒரு கணம் நிறுத்தி விடுங்கள்.

இரண்டாவது, கியர் குறைப்பது. இதுதான் நம் பக்கம் அதிகம். வளைவுக்கு வளைவு மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டியிருக்கிறது. இரண்டில் போட்டு கிளச்சைப் பட்டென்று விட்டால் பின்சக்கரம் ஒருமுறை இழுத்துப் பிடிக்கும். கிளச் பிடித்திருக்கும்போதே திராட்டிலைக் கொஞ்சம் திருப்பி எஞ்சின் சத்தத்தை ஏற்றிக்கொண்டு அப்புறம் விட்டால், கியர் மாறியதே பின்னால் தெரியாது. ஆளில்லாத ரோட்டில் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பிரேக். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டியின் முன்பக்கம் அமுங்கி அவர் உங்கள் முதுகில் வந்து சாய்வார். முதலில் பின் பிரேக்கை லேசாக மிதித்து, வண்டி கொஞ்சம் அடங்கியதும் முன் பிரேக்கைச் சேருங்கள். பின்னால் ஆள் இருக்கும்போது பின்சக்கரத்தில் பாரம் இருப்பதால், தனியாகப் போகும்போது உள்ளதைவிட பின் பிரேக் நன்றாக வேலை செய்யும். நிற்கப்போகும் கடைசி அடியில் பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தளர்த்தாமல் நின்றால்தான் அந்தக் கடைசித் தலையாட்டல் வருகிறது.

சங்கிலி தொய்ந்திருந்தாலும் திராட்டில் கொடுக்கும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டும். எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் அது போகாது, கராஜில்தான் சரிசெய்ய வேண்டும்.

பின்னால் இருப்பவர் எங்கே பிடித்துக்கொள்ள வேண்டும்?

ஒரு கை உங்கள் இடுப்பில், ஒரு கை பின்கம்பியில். ஏற்றத்துக்கு இடுப்பு உதவும், இறக்கத்துக்கு கம்பி. தோளைப் பிடிக்க விடாதீர்கள். அவர் பயந்து இறுக்கும்போதெல்லாம் உங்கள் கை இழுபட்டு ஹேண்டில் ஆடும்.

உங்களுக்கும் அவருக்கும் இடையில் பெரிய இடைவெளி விடாமல் ஒட்டி உட்காரச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு சீட்டின் கடைசி நுனியில் உட்காருகிறவர்கள் இங்கே அதிகம். பாரம் எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவுக்கு முன்சக்கரம் லேசாகும், குழியில் விழும்போது அவருக்கு அடியும் பலமாகப் படும். முழங்காலால் உங்கள் இடுப்பை லேசாக அணைத்துக்கொண்டு, காலைப் படியில் ஊன்றியிருந்தால் குழி வரும்போது சற்று எழும்பிக்கொள்ளலாம்.

வண்டி நின்றாலும் அவர் காலைக் கீழே வைக்கக் கூடாது. ஒரு காலை அவர் ஊன்றினால் எடை ஒரு பக்கம் போய்விடும், உங்களால் நிறுத்திவைக்க முடியாது.

ஏறுவதும் இறங்குவதும் எப்படி?

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். இரண்டு காலும் தரையில், கை முன் பிரேக்கில், ஸ்டாண்ட் எடுத்தபடி இருங்கள். பிறகு "ஏறுங்க" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவர் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. சைலன்ஸர் வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கத்தால் ஏறுவதே நல்லது. கெண்டைக்காலில் சைலன்ஸர் சுட்ட தழும்பு நம் பக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பாருங்கள்.

தோட்ட ரோட்டில் இடப்பக்கம் தண்ணீர் ஓடும் கான் இருக்கும், ரோடும் அந்தப் பக்கமாகச் சரிந்திருக்கும். அவர் காலெடுத்துப் போடும் நேரத்தில் உங்கள் இடது காலுக்குத் தரை எட்டாமல் போனால் இருவரும் கானுக்குள்தான். இரண்டடி நகர்த்தி ரோட்டின் உள்பக்கம் நிறுத்திக்கொண்டு ஏற்றுங்கள்.

வளைவில் அவரும் சாய வேண்டுமா?

தனியாகச் சாயத் தேவையில்லை. எதிர்ப்பக்கம் சாயாமல் இருந்தால் போதும். பயந்தவர்கள் வண்டி இடப்பக்கம் சாயும்போது வலப்பக்கம் நிமிர்வார்கள். அப்போது நீங்கள் நினைத்த கோட்டில் வண்டி போகாமல் வெளியே தள்ளும். இதற்கு ஒரு சுலபமான வழி சொல்லிக்கொடுங்கள்: வளைவு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேலால் பார்க்கச் சொல்லுங்கள். இடது வளைவு என்றால் உங்கள் இடது தோள், வலது வளைவு என்றால் வலது தோள். பார்வை போனால் உடம்பும் தேவையான அளவுக்குத் தானாகப் போகும். ரோடும் அவருக்குத் தெரியும், அதனால் பயமும் குறையும், வயிற்றைப் பிரட்டுவதும் குறையும்.

வலது வளைவில் ஒன்றைக் கவனியுங்கள். சக்கரம் நம் பக்கத்தில் இருந்தாலும் சாய்ந்த இரண்டு தலைகளும் நடுக்கோட்டுக்கு மேலே போயிருக்கும். எதிரே வரும் பஸ் அந்த இடத்தில்தான் அகலமாக எடுத்துத் திரும்பும். நடுக்கோட்டிலிருந்து ஒரு மீற்றராவது உள்ளே இருங்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவை. ஹோர்ன் அடித்து, சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள்.

மனைவி சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து வருகிறார். இது சரியா?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. நேரடியாகவே சொல்கிறேன்: மலைப்பாதையில் ஒரு பக்கமாக உட்காருவதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

காலிரண்டும் இடப்பக்கம் தொங்குகிறது, ஆகவே எடையும் இடப்பக்கம். அதைச் சமாளிக்க நீங்கள் நாள் முழுக்க ஹேண்டிலைச் சற்று எதிர்த்துப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள். பிரேக் பிடித்தால் அவர் தன் வலப்பக்கமாக முன்னால் சாய்வார், திராட்டில் கொடுத்தால் தன் இடப்பக்கமாகப் பின்னால். முழங்காலால் அணைத்துக்கொள்ள முடியாததால் தாங்குவதெல்லாம் கையும் இடுப்பும்தான். எதிரே பஸ் வந்து நீங்கள் இடப்பக்கம் ஒதுங்கும்போது மதகுச் சுவரையோ மண்மேட்டையோ முதலில் தொடப்போவது அவருடைய முழங்கால். பெரும்பாலான வண்டிகளில் சங்கிலியும் அதே இடப்பக்கம்தான் இருக்கிறது.

பாடசாலைக்குச் சேலைதான் என்றால் என்ன செய்வது? சேலைக்கு உள்ளே தளர்வான காற்சட்டை போட்டுக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகி, இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காரலாம். இல்லையென்றால் சுடிதாரில் வந்து பாடசாலையில் மாற்றிக்கொள்ளலாம். பத்து நிமிடம் கூடுதலாகப் போகும். அவ்வளவுதான். இந்த இரண்டையும் யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

எப்படியும் ஒரு பக்கமாகத்தான் வர வேண்டும் என்றால் சில விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டும் இரண்டு காலையும் வைக்கும் படியும் இருக்க வேண்டும். வேகத்துக்காகவோ அழகுக்காகவோ அதைக் கழற்றிவிட்டவர்கள் திரும்பப் போடுங்கள். முந்தானையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து செருகி ஊக்குக் குத்த வேண்டும். சும்மா மடியில் போட்டால் முதல் காற்றுக்கே பறக்கும். துப்பட்டாவையும் அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும், கழுத்தில் சுற்றி நுனியைத் தொங்கவிடக் கூடாது. அவருடைய வலது கை உங்கள் இடுப்பைச் சுற்றி, இடது கை பின்கம்பியில். மழை பெய்த ரோட்டிலும் நீண்ட இறக்கத்திலும் ஒரு பக்கமாக உட்காரவே வேண்டாம்.

நீண்ட இறக்கத்தில் எப்படி ஓட்டுவது? பிரேக் பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது.

கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்குவது, நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக கம்பளைப் பக்கம் இறங்குவது, எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குவது, இவை எல்லாம் விடாமல் வரும் இறக்கங்கள். அங்கே கை வலிக்கிறது என்றால் கியர் செய்ய வேண்டிய வேலையை பிரேக் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இருவர் என்றால் இரண்டு அல்லது மூன்று. எஞ்சின் வண்டியைப் பிடித்துவைத்திருக்கும். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். லேசாகத் தொட்டபடியே இறங்கினால் டிரம்மும் டிஸ்க்கும் ஆற நேரமே கிடைக்காது. சூடு ஏற ஏறப் பிடிமானம் குறையும், தீய்ந்த வாடை வரும், லீவர் ஹேண்டிலுக்கு அருகில் வந்துவிடும். அப்படி வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, ஒரு கால் மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்க் பிரேக் ஓயில் காலம் போகப் போக ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதன்பிறகு குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மலையில் ஓட்டும் வண்டிக்கு வீண் செலவு இல்லை.

நியூட்ரலில் போட்டு உருட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் வந்தது, இன்னும் விடவில்லை. இருவர் பாரத்தோடு நியூட்ரலில் இறங்கும் வண்டியைப் பிடிக்க பிரேக்கைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மிச்சமாகும் பெற்றோல் ஒரு ப்ளேன்டீக்குக்கூடக் காணாது. தயவுசெய்து வேண்டாம்.

ஸ்கூட்டரில் நிலைமை இன்னும் கஷ்டம். கியர் குறைக்க வழியில்லை. திராட்டிலை முழுதாக மூடி வேகமும் குறைந்துவிட்டால் உள்ளே கிளச் விடுபட்டு வண்டி சும்மா உருளத் தொடங்கும். திராட்டிலைக் கொஞ்சம் கொடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் இருவராக வெல்லவாய வரை இறங்குகிறவர்கள் இடையில் ஒருமுறையாவது நிறுத்தி பிரேக்கை ஆறவிடுங்கள்.

நானுஓயாவையும் ரதல்லையையும் இணைக்கும் குறுக்கு ரோடு பலருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. சரிவு மிக அதிகம். பின்னால் ஆள் இருந்தால், அதுவும் மழையில், நான் சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டால்தான் போவேன்.

மேட்டில் நின்றுவிட்டுத் திரும்பக் கிளப்பும்போது வண்டி பின்னால் உருளுகிறது.

வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில். முதலாம் கியர் போட்டு கிளச்சை மெதுவாக விட்டு வண்டி இழுக்கப் பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள், திராட்டில் கொஞ்சம் கூட்டுங்கள், அப்புறம் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். மேட்டில் முன்சக்கரத்தில் பாரம் குறைவு என்பதால் முன் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பிடித்தபடியே சறுக்கும். மிகச் செங்குத்தான இடம் என்றால் அவரை இறக்கி நடக்கவிட்டு மேலே போய் ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

வண்டியில் என்ன மாற்ற வேண்டும்?

மூன்று விஷயம், மூன்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் போதும்.

பின் டயர் காற்று. பெரும்பாலான 100, 150 சீசீ வண்டிகளுக்குத் தனியாக ஓட்டும்போது பின்னால் 28 பிஎஸ்ஐ அளவு சொல்லியிருப்பார்கள், இருவருக்கு 32 அல்லது அதற்கு மேல். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது சங்கிலி மூடியிலோ பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கரத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போதே பாருங்கள்.

பின் ஷொக் அப்சோபர். அதன் அடிப்பக்கத்தில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும், வண்டியோடு வரும் கொக்கிச் சாவியால் அதைத் திருப்பலாம். இருவர் என்றால் ஒன்றிரண்டு படி ஏற்றி வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். ஏற்றாமல் விட்டால் ஒவ்வொரு குழியிலும் ஷொக் அடிவரை போய் இடிக்கும், அந்த இடி நேராக அவர் முதுகெலும்புக்குப் போகும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி பழையவை. ஷொக்கில் எண்ணெய் கசிந்து கறுத்திருந்தால் எத்தனை படி ஏற்றினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஹெட்லைட். பின்பக்கம் அமுங்கும்போது வெளிச்சம் மேலே போய்விடும். எதிரே வருபவர் கண்ணைக் குத்தும், பனிமூட்டத்தில் உங்களுக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். அவரை உட்காரவைத்து, ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, வெளிச்சத்தைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

சங்கிலியையும் அவர் உட்கார்ந்திருக்கும்போதே பார்ப்பது நல்லது. ஆள் ஏறியதும் அது இன்னும் இறுகும்.

இருவருக்கு எந்த வண்டி நல்லது?

சீட்டைப் பார்த்து வாங்குங்கள். நீளமான தட்டையான சீட், கைக்கு எட்டும் பின்கம்பி, முழங்கால் அதிகம் மடியாத உயரத்தில் கால்படி. பின்சீட் உயர்ந்து சரிந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் மாடல்களில் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கிக்கொண்டு முன்னால் வருவார், அரை மணி நேரத்தில் முழங்கால் கெஞ்சும். சீசீயைப் பொறுத்தவரை, பஜாஜ் சீடி 100 போன்ற வண்டிகளே இருவரோடு தோட்ட மேடுகளை ஏறிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் திணறுவதற்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். 125, 150 என்றால் அந்தத் திணறல் இல்லை. வாங்குவதற்கு முன்னால் பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள்.

மழையிலும் பனியிலும்?

எந்தப் பக்கம் எப்போது மழை என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் நனையாமல் போக முடியாது. வட்டவளை நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது பதுளை, பசறைப் பக்கம். இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேரப் பாருங்கள்.

ரெயின்கோட் இருவருக்கும் வேண்டும். நீங்கள் மட்டும் போட்டுக்கொண்டு, பின்னால் இருப்பவர் குடை பிடித்துக்கொண்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். காற்று குடையைப் பிடித்து இழுத்தால் அவரையும் சேர்த்துத்தான் இழுக்கும். குடை வேண்டாம். தொங்கும் பொன்ச்சோவும் வேண்டாம், சக்கரத்தில் சிக்கும். மேல்சட்டையும் காற்சட்டையுமாக வரும் வகையை வாங்குங்கள்.

குளிரைக் குறைவாக எடைபோட வேண்டாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக ஆறு பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கித்துல்கலையில் வியர்த்தபடி கிளம்பியவர் நானுஓயாவில் நடுங்குவார். நீங்கள் ஓட்டும் வேலையில் இருப்பதால் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். விறைத்த விரலால் பிடிக்கவும் முடியாது. அவருக்கும் ஒரு கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று.

மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் ரோடு மிகவும் வழுக்கும். ஓயிலும் தூசியும் சேர்ந்து மேலே மிதக்கும். வளைவுகளில் பஸ், லொறியிலிருந்து சிந்திய டீசல், வெலிமடை, கந்தப்பளைப் பக்கம் மரக்கறி லொறிகள் கொண்டுவரும் சேறு, பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கம் பைன் ஊசியும் யூக்கலிப்டஸ் இலையும், வெயிலே படாத தோட்ட ரோட்டில் பாசி. இவற்றில் ஏறும்போது சாய்வும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். ரயில் பாதையைக் குறுக்கே கடக்கும்போது தண்டவாளத்துக்குச் செங்கோணத்தில் நேராகக் கடந்துவிடுங்கள்.

கடும் மழைக்குப் பிறகு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மேலே மண் நனைந்திருக்கும் ரோட்டில் இன்னொருவர் உயிரையும் கொண்டுபோகும் அளவுக்கு அவசரமான வேலை மிகக் குறைவு.

பிள்ளையை முன்னால் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு, மனைவி பின்னால். பக்கத்தில்தானே போகிறோம்?

சட்டப்படி ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே, இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். சட்டத்தை விட்டாலும், டாங்கில் இருக்கும் பிள்ளைக்கு முன்னால் ஹேண்டில் மட்டும்தான் இருக்கிறது. வண்டி எதிலாவது மோதினால் பெரியவரின் எடை முழுவதும் பிள்ளையை அதில் அழுத்தும்.

பிள்ளை தனியாகப் பின்னால் வருவதென்றால் வயதைப் பார்க்காதீர்கள். கால் கால்படிக்கு எட்ட வேண்டும், கையால் உங்களைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், அளவான ஹெல்மெட் இருக்க வேண்டும், சொன்னதைக் கேட்கும் பிள்ளையாகவும் இருக்க வேண்டும். மாலை டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் பின்னாலேயே தூங்கிவிடுவார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரவில்லை என்றால் நிறுத்துங்கள்.

கர்ப்பிணிகளை ஏற்றலாமா?

கல் ரோட்டில் வேண்டாம். கிளினிக்கில் உள்ள மருத்துவ மாதுவிடம் உங்கள் ரோடு எப்படி என்பதைச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தவரை ஓட்டோ ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள்.

வயதான அம்மாவைக் கூட்டிப்போகிறேன். ஏறுவதே கஷ்டமாக இருக்கிறது.

வாசல்படி, திண்ணை, மதகு என்று சற்று உயரமான ஏதாவது ஒன்றின் பக்கத்தில் வண்டியை நிறுத்துங்கள். அதில் நின்றபடி ஏறினால் காலை அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. இறங்கப்போகும் இடத்திலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலே யோசித்துவையுங்கள். ஹெல்மெட் பட்டியை நீங்களே மாட்டிவிடுங்கள், தாடைக்கும் பட்டிக்கும் இடையில் இரண்டு விரல் போகும் அளவு. பின்னால் ஒரு பெட்டியோ முதுகு சாயும் கம்பியோ பொருத்தினால் அவர்களுக்குப் பெரிய நிம்மதி. எதையும் பிடிக்காமல் விழுந்துவிடுவோமோ என்ற பயமே பாதியாகிவிடும்.

"ஒண்ணுமில்ல தம்பி, நீ ஓட்டு" என்றுதான் அம்மாக்கள் சொல்வார்கள். கால் மரத்துப்போனாலும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே நிறுத்துங்கள்.

தோட்டத்துக் கல் ரோடு?

கீழ் கியரில், நிதானமாக, நின்றுவிடாமல். குழிக்கு முன்னால் "குழி" என்று ஒரு சொல் சொன்னால் அவர் காலை ஊன்றி எழும்பிக்கொள்வார். கல் பெயர்ந்த மோசமான துண்டில் இறக்கி நடக்கவிடுங்கள்.

சாமானும் இருக்கிறது. எங்கே வைப்பது?

ஹேண்டிலில் பை தொங்கவிட வேண்டாம், திரும்பும்போது சிக்கும். பாரமான சாமானை இருவருக்கும் இடையில் வைத்தால் அவர் பின்னால் தள்ளப்படுவார். பக்கவாட்டுப் பைகள் நல்லது, இரண்டு பக்கமும் சம எடையில். அவர் முதுகில் மாட்டும் பை என்றால் லேசானதாக இருக்கட்டும். பாரமான பை ஒவ்வொரு மேட்டிலும் அவரைப் பின்னால் இழுக்கும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது?

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிரென்றால் இன்னும் சீக்கிரம். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்கும் இடங்கள், றம்பொடைப் பக்கத்தால் வந்தால் லபுக்கலை. வளைவின் உள்பக்கத்தில் நிறுத்தாதீர்கள். டிசெம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். மஸ்கெலியா, நல்லதண்ணி ரோட்டில் இரவெல்லாம் மலை ஏறி இறங்கியவர்கள் தூக்கக் கலக்கத்தில் ஓட்டி வருவார்கள். அந்த நாட்களில் விடியற்காலையில் அந்த ரோட்டில் இன்னும் ஒதுங்கியே போங்கள்.

ஓடும்போது பேசினால் கேட்பதில்லை. எப்படிச் சொல்வது?

கையால் பேசுங்கள். கிளம்புவதற்கு முன்பே பேசிவையுங்கள்: அவர் உங்கள் இடுப்பில் ஒருமுறை தட்டினால் மெதுவாகப் போ, இரண்டுமுறை தட்டினால் நிறுத்து. நீங்கள் அவருடைய முழங்காலைத் தொட்டால் குழியோ பெரிய பிரேக்கோ வருகிறது, பிடித்துக்கொள். இரண்டுமுறை தட்டினால் காரணம் கேட்காமல் முதலில் நிறுத்துங்கள். ஒருமுறை அலட்சியப்படுத்தினால் அடுத்த முறை அவர் தட்டவே மாட்டார்.

ஒருமுறை விழுந்ததிலிருந்து ஏறவே பயப்படுகிறார்.

வற்புறுத்த வேண்டாம். காய்ந்த ரோடு, காலை வேளை, பக்கத்துக் கடை வரை என்று அவர் சொல்லும் தூரத்துக்கு மட்டும் போய்வாருங்கள். வேகத்தையும் அவரே சொல்லட்டும். முப்பதில் போ என்றால் முப்பதில் போங்கள், முதல் நாளே வளைவுகளுக்குக் கூட்டிப்போகாதீர்கள். திரும்பி வந்து இறங்கியதும் எந்த இடத்தில் பயமாக இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடம் நீங்கள் நினைத்த இடமாக இருக்காது. பெரும்பாலும் அது ஒரு பிரேக் பிடித்த இடமாகவோ பஸ்ஸை ஒட்டி முந்திய இடமாகவோ இருக்கும். அடுத்த முறை அந்த இடத்தில் வேறு மாதிரி ஓட்டுங்கள், ஓட்டுவதற்கு முன்பே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.